2/O என்ற வீடு

20.02.2025, வியாழன்.

முதலில் பிழை. நிருஜாவின் கட்டளை (ஓடர்) இலக்கத்தை நேற்று என் கொப்பியில் எழுதியபோது, கடைசியில் வரும் ஆங்கில எழுத்து ஓவைப் பூச்சியமாக எழுதிவிட்டேன். அதனால் இன்று காலை கெல்மாரா கணினி நிறுவனத்தின் இணையக் கடை ஒரு மணி நேரமாக "அவ்வாறு கட்டளை இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான் கடையைத் திட்டினேன். கடையைத் திட்ட ஆயிரம் காரணங்கள் உண்டு, ஆனால் இந்த ஒரு மணி நேரம் என் கணக்கில்தான் சேரும்.

இனி விடயத்தை ஒழுங்காக எழுதுகிறேன்.

நிருஜாவுக்கு வயது பத்தொன்பது. உப்புவெளியில், கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில், 12/3 இலக்க வீடு. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் குரல்தான் அவளுக்குக் கண். பதினேழு இடங்களுக்கு வேலைக்கு எழுதினாள், பதினேழும் இல்லை என்றன. பதினெட்டாவதாகக் கொழும்பில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே தமிழில் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டது. கெல்மாரா கணினி ஒன்றைப் பெற்றுக்கொள்ள அவர்களே ஓர் அனுமதிக் குறியீட்டையும் அனுப்பினார்கள். குறியீட்டைப் போட்டு விபரங்களை நிரப்பினால் கணினி வந்துவிடும். ஒரு குறியீட்டுக்கு ஒரு கணினி. மறுமுறை கிடையாது. நாளை மறுநாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தக் கணினியைக் கொழும்போடு இணைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

கணினி வரவில்லை. இணையக் கடையோ திங்கட்கிழமையே கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது.

திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடைக்கு நேற்று அவள் அப்பாவுடன் வந்தாள். நாங்கள் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள். போன வருடம் மாறிப்போன ஒரு பாஸ்போட்டை நான் தேடிக் கொடுத்ததிலிருந்து, தொலைந்ததெல்லாம் என் மேசைக்கு வருகிறது. என்னைத் துப்பறிவாளர் என்று கூப்பிடுபவர் நிப்றாஸ் ஒருவர்தான். கிண்ணியாக்காரர், ஓட்டோ ஓட்டுகிறார், மாலை ஆங்கில வகுப்பில் எனக்குப் பின்னால் உள்ள வாங்கில் இருப்பவர். அவர் கூப்பிடுவதும் கேலிக்குத்தான்.

இலக்கத்தைத் திருத்திப் போட்டபோது மணி பத்தேகால்.

பக்கம் திறந்தது. அடியில் 2011 என்று இருந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் கூட்டித் துடைத்ததாகத் தெரியவில்லை. "விபரம்" என்ற இடத்தை அழுத்தினேன், வெள்ளைப் பக்கம் வந்தது. அச்சிடச் சொன்னேன், வெள்ளைத் தாள் வந்தது. உதவி என்று இருக்க வேண்டிய இடத்தில் "முட்டுக்கொடுத்தல்" என்று இருந்தது.

"அதையும் அமத்துங்க," என்றார் நிப்றாஸ். கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நாடியை வைத்துக்கொண்டு இருந்தார். "இடிஞ்சு விழப்போற கட்டடம். முட்டுக் குடுத்தாத்தான் நிக்கும்."

அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி திறந்து பேசியது: "எங்கள் அலுவலர் இப்போது இல்லை. நோயாளியாக இருப்பதற்கு நன்றி."

"பாருங்க புள்ள, வருத்தத்தையும் குடுத்திட்டு நன்றியும் சொல்றான்."

"பேஷன்ஸ் எண்டதைப் பேஷன்ட் எண்டு மாத்தியிருக்கு. பொறுமையா இருந்ததுக்கு நன்றி எண்டு வரவேணும்."

"எனக்கு இதுதான் சரியாப் படுது."

பக்கத்தில் உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு வரி. நான் அதை அப்படியே கொப்பியில் எழுதினேன்.

நிலை: கப்பலேற்றப்பட்டது. பெற்றவர்: 2/O. 17.02.

நிப்றாஸ் எட்டிப் பார்த்தார். "கப்பலேத்திட்டானாம். எங்க, சீனாவுக்கா?"

"இல்லை. ஷிப் எண்டால் இங்கிலிஷில அனுப்புறது எண்டும் கருத்து. போன கிழமை வகுப்பில படிச்சது. அனுப்பப்பட்டது எண்டதைத்தான் கப்பலேற்றப்பட்டது எண்டு மொழிபெயர்த்து வைச்சிருக்கு."

"நான் அண்டைக்கு வரல்ல. டயர் பஞ்சர்."

"உங்கட டயர் கிழமைக்கு ரெண்டு தரம் பஞ்சராகும்."

அடிமட்டம் வைத்து "கப்பலேற்றப்பட்டது" என்ற சொல்லை ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, மேலே "அனுப்பப்பட்டது" என்று எழுதினேன். எனக்கு ஆங்கிலம் வருகிறது என்று ஒரு சின்னச் சந்தோசம். அது ஒன்றும் நல்ல அறிகுறி இல்லை என்று இப்போது தெரிகிறது.

மிச்சம் இருந்தது 2/O. ஒரு பெட்டியைப் பெற்றவரின் இடத்தில் மனிதப் பெயர் இல்லாமல் 2/0 என்று இருந்தால், அது வீட்டு இலக்கம். வளவைப் பிரித்துப் பிரித்து 2/1, 2/2 என்று எழுதுவதுதான் இங்கே வழக்கம். பன்னிரண்டின் ஒன்றைத் தவறவிட்டு இரண்டு என்று வாசித்து, யாரோ பெட்டியைப் பிழையான வீட்டில் கொடுத்திருக்க வேண்டும். நிப்றாஸிடம் சொன்னேன். அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே எழும்பிவிட்டார். நான்தான் இன்னொரு முறை யோசித்தேன். ஆனால் யோசித்துக் கிடைத்ததும் அதே வீடுதான்.

வழியில் மூன்று மான்கள் வீதியை மறித்துப் படுத்திருந்தன. நிப்றாஸ் இறங்கி அவற்றிடம் அடையாள அட்டை கேட்டார். நான் சிரிக்கவில்லை. மணி பதினொன்று.

ஒழுங்கையின் முதல் வளவுதான் இரண்டாம் இலக்கம். வெள்ளைக்காரருக்கு அறை கொடுக்கும் வீடு. சொந்தக்காரி ஜெயரூபி, ஈரத் துவாய்களைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க ரெண்டின் கீழ் சைபர் எண்டு ஒரு வீடு இருக்கா?"

அவர் துவாயை உதறிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு இருக்கு. ரெண்டின் கீழ் ஒண்டு என்ர தம்பி. ரெண்டின் கீழ் ரெண்டு அவன்ர மாமி. சைபர் எண்டு ஒரு வீட்டை எந்த விசரன் கட்டுவான், தங்கச்சி?"

"கட்டியிருந்தா வரி இல்லாம இரிக்கலாம்," என்றார் நிப்றாஸ்.

"இவர் ஆர்?"

"ஓட்டோ ஓட்டுறவர். திங்கக்கிழமை ஒரு பெட்டி வந்ததா அக்கா? கொம்பியூட்டர். பிழையா இங்க தந்திருக்கலாம்."

"திங்கக்கிழமையா?" ஜெயரூபி அக்கா ஒழுங்கையைக் கையால் காட்டினார். நடுவில் புதிதாக மூடிய மண் நீளமாக, ஈரமாகக் கிடந்தது. "அண்டைக்குத் தண்ணிக் குழாய்க்கு வெட்டி விட்டவங்கள். விடிய ஆறு மணியில இருந்து பொழுதுபட மட்டும். என்ர வெள்ளைக்காரச் சோடி பெட்டியத் தலையில வைச்சுக்கொண்டு போனது. பெட்டி கொண்டு வாற வான் எங்கால வரும்?"

"நடந்து வந்திருக்கலாம்தானே?"

"நான் வாசலில கதிரை போட்டு இருந்தனான், வெட்டுறவன் என்ர மதிலை இடிச்சுப்போடுவான் எண்டு. ஒரு குருவியும் பெட்டி கொண்டு வரேல்ல."

ஆனாலும் நான் 2/1ஐயும் 2/2ஐயும் தட்டினேன். பிறகு அடுத்த ஒழுங்கையின் இரண்டாம் இலக்கத்தையும், அதற்கு அடுத்ததையும். முறை என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு மணி வரை எட்டு வீடுகள், ஒரு நாய்க்கடி, அதுவும் நிப்றாஸின் செருப்புக்கு. கொப்பியில் எட்டுப் பெருக்கல் குறி.

"புள்ள," என்றார் நிப்றாஸ் கடைசியில், செருப்பைப் பார்த்தபடி. முதல் தடவையாகக் கேலி இல்லாத குரல். "திங்கக்கிழமை ஒழுங்கைக்குள்ள ஒண்டும் வரல்ல. ஆனா திங்கக்கிழமை ஒருவன் பெட்டிய வாங்கி இரிக்கான். அப்ப பெட்டி இந்தப் பக்கமே வரல்ல. நாம வீட்டத் தேடுறம். அவ என்ன எழுதினா எண்டு பாத்தமா?"

நேற்றே கேட்டேன். எந்த முகவரி போட்டாய் என்று கேட்டபோது வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொன்னாள், நானும் எழுதிக்கொண்டேன். சொன்னதை எழுதினேனே தவிர, செய்ததைப் பார்க்கவில்லை.

12/3இன் கதவு திறந்தே இருந்தது. நிருஜா மேசைக்கு முன்னால் இருந்தாள். கணினிக்காக அவள் ஒதுக்கி வைத்த மேசை. அதில் ஒரு துணி விரித்திருந்தது, துணியின் மேல் ஒன்றும் இல்லை.

"கிடைக்கேல்ல, என்ன?" என்றாள் நாங்கள் வாய் திறக்கும் முன்.

"எப்பிடித் தெரியும்?"

"கிடைச்சிருந்தால் நிப்றாஸ் நானா சந்தியில இருந்தே ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்திருப்பார்."

நிப்றாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் துணியின் ஓரத்தை விரலால் நேராக்கினாள்.

"பன்னிரண்டு மணிக்குக் கொழும்பில இருந்து எடுத்தவை. நல்ல மரியாதையாக் கதைச்சவை. பெட்டி உங்களுக்குக் குடுபட்டதெண்டு கடையில காட்டுது, வீட்டில ஆரும் அதை வித்துப்போட்டினமோ எண்டு கேட்டவை." துணியின் மடிப்பைத் தடவினாள். "பதினேழு பேர் ஏலாது எண்டு சொன்னவை அக்கா. அது எனக்குப் பழகிட்டுது. இவை ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு கள்ளி எண்டு சொன்னால், அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

வழி தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான், தொடக்கத்துக்குப் போவது.

"நிருஜா, ஓடர் போட்டதை எனக்குச் சொல்ல வேண்டாம். திரும்பச் செய்து காட்டுங்கோ. அதே போன், அதே பக்கம். அந்தக் குரல் வாசிக்கிறதை நாங்களும் கேக்கிறம்."

"குறியீடு செத்துப்போச்சே."

"படிவம் மட்டும் திறந்தால் காணும்."

அவள் போனை எடுத்தாள். அவளுடைய விரல்கள் மிக வேகம். குரலோ அதைவிட வேகம், எனக்காகக் குறைத்து விட்டாள். பெண் குரல், உணர்ச்சி இல்லாமல் வாசித்தது.

"பில் பெயர். கட்டாயம்."

"என்ர பேர்," என்றாள் நிருஜா.

"பில் முகவரி. கட்டாயம்."

"வீட்டு அட்ரஸ். நேற்று உங்களிட்டச் சொன்னனான்."

"கப்பல் பெயர். கட்டாயம்."

அவள் விரல் அடுத்த இடத்துக்கு நழுவப் பார்த்தது.

"நில்லுங்கோ," என்றேன். "கப்பல் பெயர் எண்டதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"கப்பல்ட பேர்தான்."

"எந்தக் கப்பல்?"

"மரிகோல்ட் ஸ்டார்." அவள் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வேறென்ன போடுறது? கட்டாயம் எண்டு சொன்னது. போடாமல் விட்டால் அடுத்த பக்கம் போகேலாது. அப்பாட்டக் கேட்டுப் போட்டனான்."

நிப்றாஸ் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். போன் தானாகவே தொடர்ந்தது: "கப்பல் முகவரி. கட்டாயம்."

"திருகோணமலைத் துறைமுகம்," என்றாள் நிருஜா மெதுவாக. "அதுவும் அப்பா சொன்னது. அக்கா, அது பிழையா?"

ஷிப்பிங் என்ற சொல்லை அந்தக் கடை மொழிபெயர்த்த விதம் அது. பொருளைப் பெறுபவரின் பெயர் என்று கேட்க வேண்டிய இடத்தில் கப்பலின் பெயரைக் கேட்டிருக்கிறது. அனுராதபுரத்திலோ கண்டியிலோ இருக்கும் ஒருவர் அந்த இடத்தில் திகைத்து நின்றிருப்பார், யாரிடமாவது விசாரித்திருப்பார். இங்கே திகைக்க என்ன இருக்கிறது? எந்தக் கப்பல் என்று கேட்டால் சொல்வதற்கு ஒவ்வொரு கிழமையும் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது, அதன் பெயர் தெரிந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

அவர் ஐந்து மணிக்குச் சைக்கிளில் வந்தார். யோகலிங்கம், நிருஜாவின் அப்பா, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் கயிறு பிடிப்பவர். நான் கேட்டதும் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்:

"ஓம், நான்தான் சொன்னனான். சாமான் எந்தக் கப்பலில வருது எண்டு கேக்குது எண்டாள் பிள்ளை. அந்தக் கிழமை வாறதுக்கு இருந்தது கோதுமைக் கப்பல் மரிகோல்ட் ஸ்டார் மட்டும்தான். எல்லாச் சாமானும் கப்பலிலதானே வருது தங்கச்சி. கேக்கிறவன் நியாயமாத்தான் கேக்கிறான் எண்டு நினைச்சன்."

"ஐயா, பெட்டியிலயும் அந்தப் பேர்தான் ஒட்டி வந்திருக்கும். துறைமுக வாசலுக்கு அப்பிடி ஒரு பெட்டி வந்தால்?"

"கப்பல் ஏஜென்ட்ட வாகனத்தில ஏத்தி விடுவினம். கப்பலில ஏணியடியில ஆர் டியூட்டியோ அவர் கையெழுத்து வைச்சு எடுப்பார்."

நான் கொப்பியை விரித்து 2/O என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அவருக்கு மூக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, யோசிக்கத் தேவைப்படவில்லை.

"செக்கண்ட் ஒபிசர். கப்பல்காரர் இப்பிடித்தான் சுருக்கி எழுதுவினம். கப்டனுக்குக் கீழ ரெண்டாவது ஆள்."

சைபர் இல்லை. ஓ. காலையில் செய்த அதே பிழையை, அதைத் திருத்திய கையோடு, திரும்பவும் செய்திருக்கிறேன். எட்டு வீடுகளைத் தட்டியிருக்கிறேன். கப்பலேற்றப்பட்டது என்ற சொல்லை நான் அடிமட்டம் வைத்து வெட்டியிருந்தேன். அந்தக் கடை முழுவதிலும் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்த ஒரே சொல் அதுதான்.

"சுதர்ஷிகா மிஸ்," என்றார் நிப்றாஸ், "நீங்க இங்கிலிஷ் படிக்காம இரிந்திருந்தா பத்தரைக்கே கேஸ் முடிஞ்சிருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி.

"அப்பா," என்றாள் நிருஜா, "கப்பல் இன்னும் நிக்குதா?"

யோகலிங்கம் ஐயா அப்போதுதான் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார், திரும்ப விரித்தார்.

"நிக்குது. கோதுமை இறக்கி முடிஞ்சுது. நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வெளிக்கிடுது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நாங்கள்தான் இழுத்து வெளிய விடுறம், மகள். கயிறு நான்தான் போடவேணும்."

நிருஜாவின் விரல் பட்டு, போன் மறுபடியும் "கட்டாயம், கட்டாயம்" என்று படிவத்தின் மிச்சத்தை வாசிக்கத் தொடங்கியது. அவள் அதன் குரலை அணைத்தாள்.

அவர் தன் படகின் கப்டனுக்குப் போன் செய்தார். கப்டன் ரேடியோவில் கப்பலைக் கூப்பிட்டுக் கேட்பதாகச் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். நிருஜா குசினிக்குள் போய் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. தன்னுடையதை அவள் குடிக்கவில்லை. பெட்டியை உடைத்திருப்பார்களா, கடலில் எறிந்திருப்பார்களா, வேறு துறைமுகத்தில் இறக்கியிருப்பார்களா என்று நான் கொப்பியில் மூன்று வழிகளை எழுதி, எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவளுக்குக் கண் தெரியாது என்று தெரிந்தும் மறைத்தேன்.

போன் அடித்தது. யோகலிங்கம் ஐயா கேட்டார், "சரி சேர், சரி சேர்" என்றார், வைத்தார்.

"பெட்டி இருக்காம்."

நிப்றாஸ் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மேசையைத் தட்டினார்.

"பொறு தம்பி. திங்கக்கிழமையில இருந்து கப்பலில ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பாத்தவராம் அந்த ஒபிசர், ஒருத்தரும் தங்கட எண்டு சொல்லேல்லையாம். அலுமாரியில பூட்டி வைச்சிருக்கிறார். பெட்டியில கப்பல்ட பேர்தான் இருக்கு, பிள்ளையின்ர பேர் இல்லை. அதால, சும்மா ஆரிட்டயும் குடுக்க மாட்டாராம். சொந்தக்காரர் கடதாசியோட நேர வரவேணுமாம். ஏழரைக்கு ஏணியைத் தூக்கிப்போடுவினம்."

"நான் எடுத்துக்கொண்டு வரட்டா எண்டு கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கட கப்டன் கேட்டவர். கயிறு போடுறவன்ர கையில குடுக்கேலாது எண்டிட்டாராம் அந்த ஒபிசர்."

கடதாசி. கெல்மாராவின் பக்கம் அச்சிட்டால் வெள்ளைத் தாள். நானே இன்று காலை பார்த்தேன். நிருஜாதான் சொன்னாள்: கொழும்பு நிறுவனம் வேலை கொடுத்து அனுப்பிய கடிதத்தில் அவள் பெயரும் அனுமதிக் குறியீடும் ஒரே தாளில் இருக்கின்றன, குறியீடு பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலும் இருக்க வேண்டும். இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. கப்பலை மறுபடி கூப்பிட்டுக் கேட்கும்படி தன் கப்டனிடம் சொல்ல யோகலிங்கம் ஐயாவுக்குத் தயக்கமாக இருந்தது, நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இப்போது யோசிக்கிறேன்.

கொழும்புக்கு எதுவும் எழுதவில்லை. பெட்டி கையில் இல்லாமல், அது கோதுமைக் கப்பலில் இருக்கிறது என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

"கப்பல் ஏணி ஆடும் பிள்ளை," என்றார் யோகலிங்கம் ஐயா. "உயரம். ஒரு பக்கம்தான் கைபிடி."

"எந்தப் பக்கம்?" என்றாள் நிருஜா.

"ஏறேக்க இடது."

"அப்ப இடது கையால பிடிக்கிறன். கடதாசியை வலது கையில வைச்சிருக்கிறன்."

நாளை, வெள்ளி. ஐந்து மணிக்குக் கடையைத் திறந்து நிருஜாவின் கடிதத்தை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். முதலாளியிடம் இன்றே சாவி வாங்கியாயிற்று. ஐந்தே முக்காலுக்கு நிப்றாஸ் உப்புவெளிக்கு வருவார். ஆறேகாலுக்குத் துறைமுக வாசலில் பாஸ் எடுக்க நிருஜாவினதும் என்னுடையதும் அடையாள அட்டைகள். ஏழு மணிக்குள் மரிகோல்ட் ஸ்டாரின் ஏணியடியில் நின்று செக்கண்ட் ஒபிசரைக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் பேச வேண்டியவள் நான். பெட்டி ஏழரைக்கு முன் கரையில் இருக்க வேண்டும்.